செருப்புச் சக்கரமும் ரிமோட் லாரியும்

எங்கள் சிறுவயதில் திருத்தணிப் பிள்ளைகளுக்குப் பொம்மை வண்டி என்பது கடையில் வாங்குகிற பொருள் அல்ல, வீட்டில் செய்துகொள்கிற பொருள். தேய்ந்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தெருவே கூடிவிடும். தகர டப்பாவின் மூடியைச் செருப்பின் மேல் கவிழ்த்துக் கரியால் வட்டம் போட்டு, அம்மா பார்க்காத நேரத்தில் அரிவாள்மணையில் நறுக்கினால் சக்கரம் தயார். உடைந்த குடையின் கம்பி அச்சாகும். மேலே பவுடர் டின்னோ, சோப்பு வந்த அட்டைப் பெட்டியோ உட்கார்ந்து லாரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் தறி இருந்ததால் நூல் சுற்றி வரும் மரக்கட்டைகளும் கிடைக்கும். என் தம்பி அவற்றை முன்சக்கரமாக வைப்பான். பின்சக்கரம் செருப்பு ரப்பர். கட்டை லேசாக ஓடும், ரப்பர் தரையைப் பிடிக்கும் என்று அவனுக்கு ஏழு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நுங்குக் காலம் வந்தால் அது வேறு வண்டி. தின்று முடித்த இரண்டு நுங்கு மட்டைகளை ஒரு குச்சியால் கோத்து, கவைக்கொம்பால் தள்ளிக்கொண்டு சன்னதித் தெரு வரைக்கும் ஓடுவோம். மட்டை காய்ந்து சுருங்கியதும் அது மாட்டுக்குப் போய்விடும். குப்பையில் எறிந்ததாக எனக்கு நினைவே இல்லை.

நான் பிறந்தபோது திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு எங்கள் ஊரும் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பிறகு எல்லைத் தகராறைத் தீர்க்க அமர்த்தப்பட்ட படாஸ்கரின் பரிந்துரையும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஊரைச் சென்னை மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தன. அந்த நாட்களில்தான் நான் நடைவண்டி பிடித்து நடை பழகினேன் என்று அம்மா சொல்வாள். மூன்று சக்கரமும் ஒரு கைப்பிடியும் உள்ள அந்த வண்டியைச் செய்தவர் எங்கள் தெருக்கோடி ஆசாரி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எல்லை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவருடைய இழைப்புளி நின்றதில்லை.

அந்த நடைவண்டி முதலில் என் அண்ணனுக்குச் செய்தது. பிறகு எனக்கு, பிறகு தம்பிக்கு, அப்புறம் சித்தப்பா பிள்ளைகளுக்கு. நடுவில் ஒரு சக்கரம் தேய்ந்தது. ஆசாரி அந்த ஒரு சக்கரத்தை மட்டும் கடைந்து மாட்டிக் கொடுத்தார். இன்னொரு முறை கைப்பிடி விரிந்தது, ஒரு ஆப்பு அடித்துச் சரிசெய்தார். ஒரு பொருள் பல வருஷம் உழைத்தது என்று நாம் சொல்லும்போது, அதன் ஒவ்வொரு உறுப்பும் அத்தனை வருஷம் இருந்தது என்று அர்த்தம் இல்லை. போன உறுப்பை மாற்றுவதற்கு ஆள் இருந்தார், மாற்றுவதற்கு இடம் கொடுக்கிற மாதிரி அந்தப் பொருளும் இருந்தது. பொம்மையைப் பற்றி நான் உறுதியாக நம்புவது இது ஒன்றைத்தான்.

திருப்பதி போனால் மரப்பாச்சி வாங்காமல் திரும்ப மாட்டோம். செம்மரத்தில் செதுக்கியது. என்னுடையது இன்னும் கொலுவில் முதல் படியில் நிற்கிறது. மூக்கு மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மரத்தை இன்று சேஷாசலம் காட்டில் துப்பாக்கியோடு காவல் காக்கிறார்கள்.

ஆண்பிள்ளை என்பதால் தம்பிக்குக் கூடுதலாக ஒரு சலுகை இருந்தது. அப்பா சேலை மூட்டையோடு சென்னைக்கு ரயிலேறும்போது அவனையும் அழைத்துப் போவார். சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். ஒரு தடவை சாவி கொடுத்தால் ஓடும் தகரக் கார் ஒன்றோடு வந்தான். சில வாரத்தில் அது நின்றுவிட்டது. தகரத்தின் மடிப்புக் காதுகளைக் கத்தி முனையால் நிமிர்த்தி, உள்ளே இருந்த சுருள்வில்லை எடுத்து மாட்டி, மறுபடி காதுகளை மடக்கினான். ஓடியது. 1985-இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்த செய்தி வந்த அன்று, பெரியவனாகிக் குடும்பஸ்தனாக இருந்தும், அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

சென்னைப் பொம்மைகளைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். திருவிழாவில் குழந்தைகள் வாங்கி ஊதுகிற ரப்பர் பலூன்தான். அந்தக் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. எங்களுக்கு அடுத்த ஊரான அரக்கோணத்தில் அதன் டயர் தொழிற்சாலை இருக்கிறது. அதே நிறுவனத்தார் 1987-இல் ஃபன்ஸ்கூல் என்று பொம்மைக் கம்பெனி ஒன்றையும் தொடங்கினார்கள். அதற்கு ராணிப்பேட்டையில் தொழிற்சாலை உண்டு. பலூனில் தொடங்கி, லாரி டயருக்குப் போய், திரும்பவும் பொம்மைக்கே வந்திருக்கிறது. நாங்கள் செருப்பை நறுக்கிக்கொண்டிருந்த அதே வட்டாரத்தில்தான் இவ்வளவும் நடந்தது.

ரிமோட் வண்டியை நான் முதலில் பார்த்தது எண்பதுகளில். உறவுக்காரர் ஒருவர் பர்மா பஜாரில் வாங்கி வந்தார். ரிமோட்டிலிருந்து ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு கம்பி நீளும். அதே மாதிரி வண்டி அடுத்த தெருப் பையனுக்கும் வந்தபோது சண்டை ஆரம்பித்தது. இவன் வலப்பக்கம் திருப்பினால் அவன் வண்டியும் திரும்பும். இரண்டும் 27 மெகாஹெர்ட்ஸில் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருந்தன. இன்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ். ரிமோட்டும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்வதால், ஒரே மைதானத்தில் பல வண்டிகள் குழப்பமில்லாமல் ஓடலாம். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் உண்மையான முன்னேற்றம் என்று நான் மனதார ஒப்புக்கொள்வது இதை.

இப்போது என் பேத்திக்கு ஒன்பது வயது. "ஆயா, எனக்கு மான்ஸ்டர் ட்ரக் வேணும். ரிமோட்டுல ஓடறது. கல்லு மேல ஏறணும், கீழ வுழுந்தாலும் உடையக் கூடாது" என்றாள். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம். என் காலத்தில் பெண்பிள்ளை கையில் சொப்பைத்தான் கொடுப்பார்கள். லாரி தம்பிக்கு.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்க மலர்க்காவடிகள் வரும். அந்த நாட்களில் சாலையோரம் முளைக்கும் கடைகளில் கிலுகிலுப்பையும் ஊதலும் இருந்த இடத்தில் இப்போது ரிமோட் ஜீப்புகள் நிற்கின்றன. பேத்தியின் மாமா அங்கேயே ஒரு பெரிய சக்கர வண்டியை ஆசையோடு வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் உண்டு. செம்மண், உருண்டைக் கல், வேலிக்கருவை முள். அங்கே அது ஒரு வாரம் தாங்கவில்லை. செல்போன் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டு போனேன். நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து காட்டினார். ஒரே ஒரு மின்பலகை. மோட்டாரின் கம்பிகள் அதிலேயே பற்றவைத்து இருந்தன. வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது. "பல்சக்கரம் பத்து ரூபா பொருள்தாம்மா. ஆனா இந்த அளவுல எங்கயும் தனியா வராது" என்றார். பத்து ரூபாய்ச் சக்கரம் கிடைக்காததால் மோட்டார், பேட்டரி, ரிமோட், நான்கு சக்கரம் எல்லாம் நல்ல நிலையிலேயே மூலையில் கிடந்தன. எங்கள் ஆசாரியை அன்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த வண்டிகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். தம்பியும் கூடச் சேர்ந்துகொண்டான். அப்படி விசாரித்ததில் கிடைத்த ஒரு செய்தி என்னை மிகவும் தொட்டது. உலகத்தின் முதல் மான்ஸ்டர் ட்ரக் என்று சொல்லப்படும் பிக்ஃபுட், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் உருவாக்கியது. அவரிடம் 1974 மாடல் ஃபோர்ட் எஃப்-250 வண்டி இருந்தது. கரடுமுரடான இடங்களில் ஓட்டி அடிக்கடி எதையாவது உடைப்பார். உடைந்ததற்கு மாற்று உறுப்பு அந்தப் பக்கத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கவில்லை. அதனால் மனைவியோடும் நண்பரோடும் சேர்ந்து அவரே ஒரு உதிரிபாகக் கடை திறந்தார். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று தன் வண்டிக்கு இன்னும் பெரிய டயர், இன்னும் கனமான அச்சு என்று மாட்டிக்கொண்டே போனார். 1981-இல் அது பழைய கார்களின் மேல் ஏறி நசுக்கியதைப் படம் பிடித்தார்கள், உலகம் முழுக்கப் பேர் வந்தது. ஆக, அந்த ராட்சச வண்டி பிறந்ததே உதிரிபாகக் கவலையில்தான். அதன் வடிவத்தில் பிளாஸ்டிக் பொம்மை செய்து, ஒரு உறுப்புகூடத் தனியாகக் கிடைக்காதபடி விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரிமோட் வண்டிகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று பொம்மையாகவே செய்யப்படுவது. இன்னொன்று ஆர்வலர்களுக்கென்று செய்யப்படுவது, கடைக்காரர்கள் ஹாபி கிரேட் என்கிறார்கள். இரண்டாவது இனத்தில் மோட்டார் தனி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி தனி, ரிசீவர் தனி, முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனி. எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லிக் கடையில் கேட்கலாம். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த லஞ்ச் பாக்ஸ் என்ற வண்டியைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் அச்சு மாறாமல் வெளியிட்டது. அமெரிக்காவின் ட்ராக்ஸஸ் 1994-இல் விட்ட ஸ்டாம்பீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒரு மாடல் இத்தனை வருஷம் சந்தையில் நிற்கிறது என்றால் அதன் உறுப்புகளும் நிற்கும். பெட்டி மேல் போட்டிருக்கும் வேகத்தைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் வண்டியைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது அடிப்பாகத்தை. நைலான் என்றால் விரலால் அழுத்தும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். விறைப்பாக நிற்கிற மலிவுப் பிளாஸ்டிக் கல்லில் மோதினால் விண்டுவிடும். மேல்கூடு பாலிகார்பனேட்டாக இருப்பது நல்லது. அதற்கு உள்பக்கமாகத்தான் வர்ணம் அடிப்பார்கள், எத்தனை தடவை குப்புற உருண்டாலும் கீறல் விழுமே தவிர வர்ணம் போகாது.

பல்சக்கரத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எல்லாம் இரும்பாக இருந்தால் உறுதி என்று நினைப்பது இயல்பு. நல்ல வண்டிகளில் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் எஃகு, அது கடிக்கிற பெரிய பல்சக்கரம் பெரும்பாலும் பிளாஸ்டிக். சக்கரம் கல்லிடுக்கில் சிக்கி மோட்டார் திணறும்போது அந்தப் பிளாஸ்டிக் பல் மொட்டையாகும். வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் போகிற மாதிரி, விலை குறைந்த ஒன்று தன்னைக் கொடுத்து விலை கூடிய மோட்டாரைக் காப்பாற்றுகிறது. எனவே அது பிளாஸ்டிக் என்பதற்காக வண்டியைத் தள்ள வேண்டாம். அது தனியாகக் கிடைக்குமா, அதைக் கழற்ற எத்தனை ஸ்க்ரூ என்று கேளுங்கள். உள்ளே அச்சோடு இருக்கிற டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் மட்டும் உலோகமாக இருக்கட்டும், அவற்றை மாற்ற வண்டியையே பிரிக்க வேண்டும்.

சர்வோவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்த இணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், சர்வோ சேவர் என்று பேர். சக்கரத்தில் விழும் அடியை அது வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் சர்வோவின் பல் போகும். ஷாக் அப்சார்பர் எண்ணெய் உள்ளதாக இருக்க வேண்டும். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி துள்ளித் துள்ளியே கவிழும். முள்ளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. இந்த டயர்களில் காற்று கிடையாது, உள்ளே ஸ்பாஞ்சு. வேலிக்கருவை முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம்.

வேகம் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போய்ச் சுவரில் மோதுகிற வண்டி, 15 கிலோமீட்டரில் மோதுவதைப் போல நான்கு மடங்கு ஆற்றலைத் தாங்கியாக வேண்டும். பிள்ளைகள் மோதாமல் ஓட்டுவார்கள் என்று நம்பி வாங்கக் கூடாது, மோதுவார்கள். பிரஷ் உள்ள சாதாரண மோட்டார் போதும். சில ரிமோட்டுகளில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவைக்கிற வசதி இருக்கிறது, அது உள்ளதாகத் தேடினோம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மேடு நன்றாக ஏறும், உண்மை. ஆனால் உறுப்பு அதிகம், செலவும் அதிகம். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியே குழந்தைக்கு நல்லது என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். பேத்திக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பேட்டரி விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று வானிலை அறிக்கை வாசிக்கும்போது திருத்தணி தவறாமல் வரும். லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரி இலேசானது, விசை அதிகம். ஆனால் ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், உப்பினால் ஆபத்து, வெயிலில் கிடந்தாலும் ஆபத்து. கனமாக இருந்தாலும் நிக்கல் பேட்டரி முரடாகப் பழகினால் தாங்கும். எந்தப் பேட்டரியாக இருந்தாலும் ஓடி நின்ற சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது, போட்டுவிட்டு வெளியே போகவும் கூடாது. எங்கள் வீட்டில் சார்ஜர் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது.

விலையைச் சொல்லாமல் முடியாது. நல்ல ஹாபி வண்டி பத்தாயிரத்தைத் தாண்டும். பேர்பெற்ற வெளிநாட்டு வண்டி என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனதும் ஒரு காரணம். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அது நல்ல சட்டம். கூர்மையான விளிம்பு, கழன்று விழும் சின்ன உறுப்பு, பேட்டரி மூடி என்று பார்த்துத்தான் முத்திரை கொடுக்கிறார்கள். ஹாபி வண்டிப் பெட்டிகள் பலவற்றில் 14 வயதுக்கு மேல் என்று அச்சிட்டிருக்கும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அதை வாங்கினால், கூடவே ஒரு பெரியவர் மேட்டு நிலத்தில் நிற்க வேண்டும் என்று பொருள். அதற்கு நேரம் இல்லாத வீடு முத்திரையுள்ள சாதாரணப் பொம்மையையே வாங்கிக் கொடுக்கட்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. செருப்புச் சக்கரம் நறுக்கிய காலத்தில் எங்களைப் பார்த்துக்கொள்ளத் தெருவே இருந்தது.

நாங்கள் வாங்கியது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஹாபி வண்டி. பின்சக்கரம் இழுக்கிறது. கூடவே பெரிய பல்சக்கரம் இரண்டும், முன்சக்கரங்களைத் தாங்கும் கை ஒரு ஜோடியும், அறுகோணச் சாவி ஒரு கொத்தும் வாங்கினோம். மூன்று மாதத்தில் கல்லிடுக்கில் சிக்கி முதல் பல்சக்கரம் மொட்டையானது. அன்று சாயங்காலம் தம்பி திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். சாவியைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு வாயால் மட்டும் சொன்னான். மூடியைத் திறந்து, பழையதை எடுத்து, புதியதை மாட்டினாள். இரண்டு பல்சக்கரமும் ரொம்ப நெருங்கினால் சூடாகும், ரொம்ப விலகினால் பல் வழுக்கும். தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அந்த ஒரு தாள் கனத்துக்கு நடுவில் இடம்விட்டு மோட்டாரை முடுக்கச் சொன்னான். முடுக்கிவிட்டுத் தாளை உருவினாள். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

இப்போது ஓட்டி முடித்ததும் பழைய பல்துலக்கும் பிரஷால் பேரிங் மேல் படிந்த கல்தூசியை அவளே தட்டுகிறாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பேரிங் துருப்பிடிக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தது. என் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து நீட்டினேன். "வேணாம் ஆயா, அது உள்ள இருக்கற ரப்பர் வளையத்த உப்பவெச்சிடும். சிலிக்கான் எண்ணெய்தான் ஊத்தணும், சின்னத் தாத்தா நாளைக்கு வாங்கியாறேன்னாரு" என்று சொல்லி, கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தாள்.